மரமும் ஒரு ஆள்தானா? அனிமிசம் எண்டா என்ன எண்டு அடியில இருந்து ஒருக்காப் பாப்பம்

போன மழைக்காலம் முடிஞ்ச கையோட வெள்ளவத்தையில எங்கட பிளாட்டுப் பின்பக்கத்து சன் ஷேட்டில ஒரு அரசங்கண்டு முளைச்சிருந்திச்சு. காகமோ மைனாவோ பழத்தைத் திண்டிட்டு எச்சம் போட்டதில வந்தது, ஒரு முழம்கூட இல்லை, நாலஞ்சு இலைதான். ஆனா அரசவேர் சுவருக்குள்ள பூந்துதெண்டா பிறகு சீமெந்தையே பிளந்துபோடும், அதால பூச்சு வேலைக்கு வந்த மேசன் பாஸிட்ட இதையும் ஒருக்கா வெட்டிவிடுங்கோ எண்டு கேட்டன். மனுசன் அண்ணாந்து பாத்திட்டு "போ கஹ கபண்ட பே நோனா" எண்டிட்டார். அரச மரம் வெட்டேலாதாம். காசு கூடத் தாறன் எண்டும் சொல்லிப் பாத்தன், அவர் காசைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தானாவே வந்தார், சின்னக் கரண்டியொண்டால சுத்திவர மெல்ல மெல்லச் சுரண்டி, வேர் அறாமல் இளக்கி எடுத்து, நனைச்ச சாக்குத் துண்டில சுத்தி, ஷொப்பிங் பையில போட்டு தன்ட வீட்டடிப் பன்சலைக்கு (புத்த கோயிலுக்கு) கொண்டு போயிட்டார். கையை வைக்க முதல் ரெண்டு கையையும் கூப்பி வாய்க்குள்ள ஏதோ சொன்னவர், என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டதுக்கு, "இருக்கிறவருக்குச் சொல்லாமல் எடுக்கக் கூடாதுதானே" எண்டார்.

அந்த "இருக்கிறவர்" எண்ட சொல்லுத்தான் ரெண்டு நாளா என்ர மண்டைக்குள்ள சுத்திச்சு. ஒரு முழம்கூட இல்லாத கண்டுக்குள்ள ஆர் இருக்கிறார்? அரச மரத்துக்குப் புத்த சமயத்தில இருக்கிற மதிப்பு வேற கதை, புத்தர் ஞானம் பெற்ற மரம், அதின்ட கிளையெண்டு அநுராதபுரத்தில கும்பிடுற மரம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு செடியிட்ட "சொல்லிட்டு எடுக்கிறது" எண்ட பழக்கம் அதைவிடப் பழசு, அது எங்கட வீடுகளிலயும் இருக்கு. சின்ன வயசில அம்மம்மா பொழுதுபட்டாப் பிறகு பூப் பறிக்க விடமாட்டா, "செடி நித்திரை பிள்ளை, இப்ப கை வைக்காத" எண்டுவா. மருந்துக்கு நொச்சியோ துளசியோ இரவில தேவைப்பட்டா முதல்ல செடியை மெல்லத் தட்டி எழுப்பிப்போட்டுத்தான் கிள்ளுவா, நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன். அது பயமில்லை, ஒரு மரியாதை, நித்திரை கொள்ளுற ஆளைத் திடீரெண்டு இழுத்து எழுப்பக்கூடாதெண்டு சொல்லுற அதே மரியாதை.

இதுக்கு ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் வைச்ச பேர்தான் அனிமிசம். தமிழில ஆன்மவாதம், ஆவிக் கொள்கை எண்டெல்லாம் எழுதுவினம், எனக்கு ரெண்டுமே பிடிக்கிறேல்லை, முதலாவது தத்துவ வகுப்பு மாதிரி இருக்கு, மற்றது பேய்ப்படம் மாதிரி இருக்கு, அதால அனிமிசம் எண்டே எழுதுறன். சுருக்கமாச் சொன்னா, மனுசருக்கு மட்டுமில்லை, மிருகம், மரம், மலை, ஆறு, கல்லு, காத்து, இடி எண்டு இயற்கையில இருக்கிறதுகளுக்கும் உயிரோ உள்ளமோ விருப்பமோ இருக்கு, அதுகளோட உறவு வைச்சிருக்கலாம், கோபிக்கவும் செய்யலாம், சமாதானம் ஆகவும் செய்யலாம் எண்ட நம்பிக்கை. இது தனியொரு சமயம் இல்லை. தொடக்கி வைச்சவர் எண்டு ஆரும் இல்லை, நூல் இல்லை, இதைக் கடைப்பிடிக்கிற சனம் தங்களுக்கு இப்பிடி ஒரு பேர் வைச்சுக்கொண்டதும் இல்லை, வெளியில இருந்து பாத்த ஆக்கள் ஒட்டின லேபிள்தான் இது.

சொல்லின்ட வேரைப் பாத்தாலே பாதி விசயம் விளங்கிடும். லத்தீனில அனிமா எண்டா உயிர், மூச்சு ரெண்டும்தான். சமஸ்கிருதத்தில பிராணன், அனிலம் (காத்து) ரெண்டும் அதே வேரில இருந்து வந்த சொல்லுகள். அரபில ரூஹ் எண்டா உயிர், அதுக்குப் பக்கத்துச் சொல்லு ரீஹ், அது காத்து. தமிழிலயும் இதேதான், உயிர்ப்பு எண்டா பழந்தமிழில மூச்சு, உயிர்த்தல் எண்டா மூச்சு விடுறது. ஒண்டோடொண்டு சம்பந்தமே இல்லாத பாஷைக் குடும்பங்கள் எல்லாம் மூச்சைப் பிடிச்சுத்தான் உயிரெண்ட எண்ணத்துக்கு வந்திருக்கு. அதில எனக்கு ஆச்சரியமில்லை, செத்த வீட்டில பக்கத்தில இருந்த ஆருக்கும் தெரியும், கடைசி மூச்சு போன அந்த நிமிசத்தில உடம்பு அப்பிடியே இருக்கு, ஆள் இல்லை. தமிழர் இன்னும் ஒரு படி மேல போய் எழுத்துக்கே உயிர், மெய் எண்டு பேர் வைச்சவை. உயிர் சேராட்டி மெய் வாயில தனியா நிக்காது. ஒண்டாம் வகுப்புப் பிள்ளை அரிச்சுவடியில படிக்கிறதே உடம்பும் உயிரும் எப்பிடிச் சேருது எண்ட பாடம்தான், சொல்லிக் குடுக்கிற ரீச்சருக்கும் அது ஞாபகத்தில இருக்காது.

இப்ப, இந்தச் சொல்லை இந்தக் கருத்துக்குப் பிரபலமாக்கினவர் எட்வர்ட் பேர்னற் டைலர் எண்ட இங்கிலாந்துக்காரர். அவருக்கு முதலே 1700களின்ட தொடக்கத்தில ஜேர்மன் வைத்தியர் ஸ்டால் எண்டவர் உடம்பை நடத்துறது ஆன்மாதான் எண்ட தன்ட மருத்துவக் கொள்கைக்காக இந்தப் பக்கம் கதைச்சிருக்கிறார், அது இப்ப வேண்டாம். டைலர் குவேக்கர் எண்ட கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், அந்தக் காலத்தில அவையளுக்கு ஒக்ஸ்போட் கேம்பிரிட்ஜ் கதவு திறக்காது, அதால பட்டம் ஒண்டும் எடுக்கேல்லை, குடும்பத்தின்ட பித்தளை வார்ப்புத் தொழிலில நிண்டவர், உடம்பு சரியில்லாமல் போய் பிரயாணம் வெளிக்கிட்டு, மெக்சிக்கோவைப் பாத்து, அதில இருந்துதான் மனுசரின்ட பழக்கவழக்கத்தை ஆராயத் தொடங்கினவர். 1871ல வந்த அவற்ற பெரிய புத்தகத்தில, சமயம் எண்டுறதுக்கு ஆகக்குறைஞ்ச வரைவிலக்கணம் "ஆவிரூபமானவர்களை நம்புறது" எண்டு எழுதி அதுக்கு அனிமிசம் எண்டு பேர் வைச்சார். பிறகு 1896ல அதே ஒக்ஸ்போட்டில மானிடவியலுக்கு முதல் பேராசிரியரா ஆனவரும் இவர்தான்.

டைலர் சொன்னது இதுதான், ஆதி மனுசருக்கு ரெண்டு கேள்வி இருந்திருக்கும். ஒண்டு, உயிரோட இருக்கிற உடம்புக்கும் பிணத்துக்கும் என்ன வித்தியாசம்? மற்றது, கனவில வாறவை ஆர்? ரெண்டாவதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. என்ர அப்பப்பா செத்துப் பதினெட்டு வருசம், ஆனா போன மாசம் கனவில வந்து சாய்மனைக் கதிரையில இருந்து பேப்பர் படிச்சவர், கண்ணாடியும் போட்டிருந்தார். இண்டைக்கு எனக்கு ஞாபகம், மூளை எண்டெல்லாம் சொல்லத் தெரியும். அது ஒண்டும் தெரியாத ஒரு காலத்தில, நான் படுத்த பாயை விட்டு எழும்பவே இல்லை எண்டு பக்கத்தில கிடந்தவர் சத்தியம் பண்ணுறார், ஆனா நான் ஆத்தங்கரைக்குப் போய் செத்த மனுசனோட கதைச்சிட்டு வந்தது எனக்குத் தெளிவாத் தெரியும், அப்ப போனது ஆர்? உடம்பை விட்டிட்டுப் போய்வரக்கூடிய இன்னொண்டு எனக்குள்ள இருக்கு, செத்தாப் பிறகும் அது இருக்கு எண்ட முடிவுக்கு வாறது மடைத்தனமே இல்லை, கையில இருந்த சாட்சியை வைச்சு நேர்மையாப் போட்ட கணக்கு. டைலர் அவையளை யோசிக்கத் தெரிஞ்ச ஆக்களாத்தான் பாத்தவர், அந்த இடத்தில அவரை எனக்குப் பிடிக்கும்.

அதுக்குள்ள இன்னொரு நுணுக்கமும் சொல்லியிருக்கிறார். கனவில வாற செத்த ஆள் உடுப்பில்லாமலோ ஆயுதமில்லாமலோ வாறேல்லையே, என்ர அப்பப்பாவும் கண்ணாடியோடதானே வந்தவர். அப்ப கண்ணாடிக்கும் ஒரு ஆவி இருக்கோணும், ஈட்டிக்கும் சட்டிக்கும் இருக்கோணும். செத்தவரோட அவற்ற சாமானையும் சேர்த்துப் புதைக்கிறதுக்கு அதுதான் காரணம் எண்டு அவர் நினைச்சார், சட்டி அங்க போறேல்லை, சட்டியின்ட உயிர்தான் போகுது. இப்பிடிச் சாமானுக்கு உயிர் வந்தாப் பிறகு மரத்துக்கும் மலைக்கும் வாறதுக்குக் கனதூரம் இல்லை.

ஆனா டைலரில ஒரு பெரிய பிழை இருக்கு, அதை மெல்லமாச் சொல்லேலாது. அவர் மனுசகுலத்தை ஏணி மாதிரி அடுக்கினவர், அடிப்படியில காட்டுச் சனம், மேல்படியில ஐரோப்பா, அனிமிசம் எண்டுறது மனுசகுலத்தின்ட பிள்ளைப் பருவம் மாதிரி. அவர் அந்தச் சனங்களோட போய் இருந்து படிச்சவரும் இல்லை, பாதிரிமாரும் பிரயாணிகளும் காலனி அதிகாரிகளும் எழுதி அனுப்பினதை லைப்ரரியில இருந்து வாசிச்சுத்தான் எழுதினவர். அந்த ஏணியாலதான் இண்டைக்கும் பழங்குடி எண்டாலே மூடநம்பிக்கை எண்டு எங்கட வாயில தானா வருது, எனக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சதும் அப்பிடித்தான், ரெண்டு வரியில "ஆதிமனிதன் பயத்தினால் இயற்கையை வணங்கினான்" எண்டு, அதோட விசயம் முடிஞ்சுது. அம்மம்மா துளசியைத் தட்டி எழுப்பினது பயத்திலயோ? எனக்கு அந்த ரெண்டு வரி இண்டைக்கும் மனசுக்குள்ள முள்ளு மாதிரி.

டைலருக்குப் பிறகு வந்த ஆக்களைக் கொஞ்சம் வேகமாத் தாண்டுறன். மறெட் எண்டவர் 1900ல சொன்னார், ஆவி எண்ட தெளிவான எண்ணம் வர முதலே, அங்க ஏதோ ஒரு சக்தி இருக்கு எண்ட சிலிர்ப்புத்தான் வந்திருக்கும், மெலனீசியத் தீவுகளில அதைத்தான் மானா எண்டுறவை எண்டு. பிரான்சில டுர்க்கைம் 1912ல, கனவை மட்டும் நம்பி இவ்வளவு காலம் சமயம் நிண்டுபிடிக்குமோ எண்டு கேட்டு, சமயத்தின்ட வேர் கனவில இல்லை, கூடி வாழுற சமூகத்தில இருக்கு எண்டார். உளவியலாளர் பியாஜே சின்னப் பிள்ளையளோட கதைச்சுப் பாத்து, சந்திரன் தன்னோட கூட வருது எண்டு பிள்ளை நம்புறதைக் கவனிச்சு எழுதினார், கோல்ஃபேஸ் பக்கம் இரவில பஸ்ஸில போகேக்க என்ர மருமோளும் நாலு வயசில அதைத்தான் சொன்னவள். ஸ்டூவர்ட் கத்ரி எண்டவர் 1993ல சொன்னது எனக்கு நல்லா மனசில பிடிச்ச விளக்கம். இருட்டில கதிரையில கிடக்கிற துவாயைப் பாத்து ஆளெண்டு திடுக்கிட்டா உங்களுக்கு நட்டம் ஒண்டுமில்லை, ஆனா உண்மையான ஆளைத் துவாயெண்டு நினைச்சா உயிரே போகலாம், காட்டில கரடியைப் பாறாங்கல்லு எண்டு நினைச்சாலும் அப்பிடித்தான். அதால எங்கட மூளை எப்பவும் "ஆரோ இருக்கினம்" எண்ட பக்கம்தான் முதல்ல சாயும், முகிலில முகம் தெரியிறதும் அதாலதான்.

எவ்வளவு பழசு எண்டு கேட்டா, நம்பிக்கை எலும்பு மாதிரி மண்ணுக்குள்ள கிடக்காது, தோண்டி எடுத்து வயசு பாக்கேலாது. ஆனா 2016ல மூண்டு ஆராய்ச்சியாளர் சேந்து உலகத்தில பல இடத்தில இருக்கிற 33 வேட்டையாடி வாழுற சமூகங்களை எடுத்து, அவையளின்ட வம்சத் தொடர்பை வைச்சுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாத்தினம். மறுவாழ்வு நம்பிக்கை, மூதாதையர் வழிபாடு, மந்திரவாதி, பெரிய கடவுள் எண்டு எல்லாத்துக்கும் முதல் நிண்டது அனிமிசம்தான்.

இனித்தான் எனக்கு விருப்பமான பகுதி. ஹலோவெல் எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1930களில கனடாவில பெரன்ஸ் ஆத்துப் பக்கம் ஒஜிப்வே சனத்தோட போய் இருந்து படிச்சவர். அவையின்ட பாஷையில பெயர்ச்சொல்லு எல்லாம் உயிருள்ளது, உயிரில்லாதது எண்டு ரெண்டாப் பிரியும், எங்கட உயர்திணை அஃறிணை மாதிரி ஒரு பிரிவு, ஆனா கோடு வேற இடத்தில விழும், கல்லு அங்க உயிருள்ள பக்கத்தில நிக்குது. அதைக் கண்டிட்டு ஹலோவெல் ஒரு வயசான மனுசனிட்டக் கேட்டார், இங்க எங்களைச் சுத்திக் கிடக்கிற இந்தக் கல்லு எல்லாத்துக்கும் உயிர் இருக்கோ எண்டு. கிழவர் கனநேரம் யோசிச்சிட்டுச் சொன்னார், "இல்லை. ஆனா சிலதுக்கு இருக்கு."

முதல் தடவை வாசிக்கேக்க இதில என்ன இருக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகுதான் பிடிபட்டுது. அனிமிசம் எண்டா "எல்லாக் கல்லுக்கும் உயிர் இருக்கு" எண்ட ஒரு கொள்கை எண்டுதான் நாங்கள் புத்தகத்தில படிக்கிறம், கிழவருக்கு அப்பிடிப் பொதுக் கொள்கை ஒண்டும் இல்லை. எந்தக் கல்லு ஆரோட எப்பிடி நடந்துகொண்டது எண்டுதான் அவர் பாக்கிறார், சடங்கு நேரத்தில ஒரு கல்லு உருண்டு வந்ததை ஆரும் கண்டிருந்தா அந்தக் கல்லு வேற. இன்னொண்டும் ஹலோவெல் எழுதியிருக்கிறார், ஒரு கிழவனும் கிழவியும் புயல் மழை நேரம் கூடாரத்துக்குள்ள இருக்கினம், பெரிசா ஒரு இடி முழங்குது. கிழவன் திரும்பிக் கிழவியிட்டக் கேக்கிறார், "என்ன சொன்னதெண்டு கேட்டதோ?" அவ சொல்லுறா, "இல்லை, எனக்குச் சரியாக் கேக்கேல்லை." அவ்வளவுதான் கதை. இடியைக் கும்பிடவும் இல்லை, பயப்படவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அங்கால இருந்து ஏதோ சொன்னது காதில விழாத மாதிரி.

எங்களுக்கு இன்னும் கிட்ட, நீலகிரிப் பக்கத்துக் காட்டில இருக்கிற நாயக்கா எண்ட பழங்குடிச் சனத்தோட 1970களின்ட கடைசியில போய் இருந்தவ நூரிட் பேர்ட்-டேவிட். அவை காட்டைத் தாய் தகப்பன் எண்டு சொல்லுற ஆக்கள், தாய் தகப்பன் பிள்ளைக்குச் சாப்பாடு போடுற மாதிரித்தான் காடும் தருது. மனுசரில்லாட்டியும் ஆளா எண்ணுறவைக்குத் தேவரு எண்டு ஒரு சொல்லு வைச்சிருக்கினம். இரவில வீடுகளுக்கு நடுவால ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாமல் நடந்து போன ஒரு யானை தேவரு, குடிசையைத் தட்டி விழுத்தின யானை வெறும் யானை. ரெண்டும் ஒரே சாதி மிருகம்தான், யானை எண்ட மிருகத்துக்குள்ள ஆவி இருக்கோ இல்லையோ எண்டுறது அங்க கேள்வியே இல்லை, அது எங்களோட எப்பிடி நடந்தது, நாங்கள் அதோட எப்பிடி நடந்தம் எண்டுறதுதான் கேள்வி. பேர்ட்-டேவிட் 1999ல எழுதின கட்டுரையோட ஆராய்ச்சி உலகமே அனிமிசத்தைத் திரும்பப் பாக்கத் தொடங்கிச்சு, டைலரின்ட "பிழையான விஞ்ஞானம்" எண்ட பார்வையை விட்டிட்டு, உறவாலதான் ஒண்டை அறியிறம் எண்ட பார்வைக்கு. பிரான்சுக்காரர் பிலிப் டெஸ்கோலா இன்னும் லேசா விளங்கிற மாதிரிச் சொல்லுவார். விஞ்ஞானம் படிச்ச எங்களுக்கு, உடம்பில எல்லா உயிரும் ஒண்டுதான், சதை, இரத்தம், கலம், ஆனா உள்ளம் மனுசருக்கு மட்டும் வேற. அனிமிசத்தில தலைகீழ், உள்ளுக்குள்ள எல்லாரும் ஒரே மாதிரி ஆக்கள், உடம்பு எண்ட உடுப்புத்தான் வேற வேற.

சரி, எங்கட பக்கம் வருவம். நற்றிணை 172ம் பாட்டை ஒருக்கால் தேடி வாசிச்சுப் பாருங்கோ. சின்ன வயசில விளையாடேக்க வெள்ளை மணலுக்குள்ள புன்னை விதையை அமத்தி வைச்சிட்டு மறந்துபோறாளவை, அது முளைச்சிட்டுது, நெய்யும் பாலும் விட்டு வளக்கிறாளவை, தாய் சொல்லுறா, இது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கச்சி எண்டு. பிறகு காதலன் அந்த மர நிழலில வந்து சிரிச்சுக் கதைக்கேக்க, இங்க வேண்டாம், எங்களுக்கு வெக்கமாக் கிடக்கு எண்டு சொல்லுறாளவை, தங்கச்சி பாத்துக்கொண்டு நிக்கிறாள்தானே. அதே நேரம் தொல்காப்பியம் செய்யுளியலில ஒரு விதி இருக்கு, ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை எண்டு ஒரு பட்டியல் போட்டு, இதுகளெல்லாம் "சொல்லுந போலவும் கேட்குந போலவும்" பாடலாம் எண்டு. அந்தப் "போலவும்" எண்ட இடத்தில நிண்டு யோசியுங்கோ. இலக்கணகாரர் "போல" எண்டு ஒரு வேலி போடுறார், ஒஜிப்வே கிழவிக்கு அந்த வேலி இல்லை. புன்னைக்கு முன்னால வெக்கப்பட்டவளுக்கு அது இருந்ததோ எண்டு எனக்குச் சந்தேகம்தான்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் இடப்பேரையும் கோயில் பேரையும் பாருங்கோ, அரசடி, வேம்படி, புளியடி, நாவலடி, மருதடிப் பிள்ளையார். கோயில் பிறகு வந்தது, மரம் முதல் நிண்டது. ஒரு ஆலமரத்தடியில ஒரு சூலத்தை நட்டா அது வைரவர், கூரையும் தேவையில்லை ஐயரும் தேவையில்லை. வன்னிக் காட்டு வழியால போறவை ஒரு சின்னக் கொப்பை முறிச்சு வழியோர மரத்தில தொங்கப்போட்டிட்டுப் போவினம், பிள்ளையாருக்கு எண்டு சொல்லுவினம், அதே காட்டில சிங்கள ஆக்களும் தங்கட தெய்வத்தின்ட பேரைச் சொல்லி அதே வேலையைத்தான் செய்வினம். பேர் வேற, கொப்பு ஒண்டுதான்.

இந்த இடத்தில ரெண்டு விசயத்தைப் பிரிச்சு வைச்சுக்கொண்டாப் பிறகு குழப்பம் வராது. மரத்தில ஒருத்தர் குடியிருக்கிறார் எண்டுறது ஒண்டு, மரமே ஒரு ஆள் எண்டுறது இன்னொண்டு. புளியமரத்து முனி முதலாவது, புன்னைத் தங்கச்சி ரெண்டாவது. பாஸ் சொன்ன "இருக்கிறவர்" முதலாவது. பிக்குமாருக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லுற புத்த சமய விநயத்திலயும் ஒரு கதை இருக்கு, ஒரு பிக்கு மரத்தை வெட்டேக்க அதில இருந்த மரதேவதையின்ட பிள்ளைக்குக் கையில வெட்டு விழுந்திட்டுது, தேவதை போய்ப் புத்தரிட்ட முறையிட்டுது, அதுக்குப் பிறகுதான் பிக்குமார் செடிகொடியை அழிக்கக்கூடாது எண்ட விதி வந்தது. மகாவம்சத்தில புத்தர் நாகதீபத்துக்கு வரேக்க ஒரு மரதேவதை தான் குடியிருந்த மரத்தையே பிடுங்கிக் குடையாப் பிடிச்சுக்கொண்டு வந்ததா இருக்கு. சைவத்தில இன்னொரு விதம், பள்ளிக்கூடத்தில பாடமாக்கின சிவபுராணத்தில "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" எண்டு தொடங்கி "கல்லாய் மனிதராய்" எண்டு வருதே, அங்க ஒரே உயிர் பிறவி பிறவியாக் கல்லுக்கூடாவும் கடந்து வருது, அந்தக் கல்லு எனக்குச் சொந்தக்காரர் எண்டு சொல்லுற கதை இல்லை. எல்லாமே கடவுள் எண்டுறதும் அனிமிசம் இல்லை. அனிமிசத்தில எல்லாம் ஒண்டில்லை, ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆள், ஒவ்வொரு குணம்.

இலங்கையில வேடர் சனத்தைப் பற்றி செலிக்மன் தம்பதி 1911ல எழுதினவை. கிட்டடியில செத்துப்போன சொந்தக்காரர் யக்கு ஆகி நிண்டு, தேன் எடுக்கவும் வேட்டைக்கும் துணை செய்வினம், அவையைக் கூப்பிட்டுச் சாப்பாடு படைச்சு ஆடுவினம் எண்டு. யக்கு எண்டோண நாங்கள் பேயெண்டு நினைக்கிறம், அவைக்கு அது செத்துப்போன சித்தப்பா. மட்டக்களப்பு வாகரைப் பக்கத்தில தமிழ் கதைக்கிற கரையோர வேடரும் இருக்கினம், அதனால இது தூரத்துச் சனத்தின்ட கதை எண்டு நினைக்காதேங்கோ.

இயற்கை எண்டு சொன்னா மரமும் ஆறும் மட்டும் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். என்னோட வேலை செய்யிற ஹட்டன் பக்கத்து அக்கா ஒராள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில ரோதைமுனியைப் பற்றிச் சொன்னா. ரோதை எண்டா சக்கரம், தேயிலை பெக்டரியில ஓடுற மிசினுக்குக் காவலா இருக்கிற முனி. "எங்க தாத்தா காலத்துல இந்தியாவுல இருந்து கூட்டிட்டு வந்தாங்க, முனியும் கூடவே வந்துட்டாரு, இங்க வந்து பார்த்தா ஆலமரம் இல்ல, பெரிய சக்கரம்தான் சுத்துது, அவரு அதுலயே உக்காந்துட்டாரு" எண்டா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்க முதல் கவ்வாத்துச் சாமியும் கும்பிடுவாங்களாம். அவ அதைச் சொல்லேக்க முகத்தில இருந்த சந்தோசத்தை எனக்கு எழுதத் தெரியேல்லை. கையை விழுங்கக்கூடிய பெரிய இரும்புக்குப் பக்கத்தில நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற மனுசருக்கு, அந்த இரும்போட ஒரு கதை பேச்சு இருக்கோணும். நவராத்திரிக்கு எங்கட ஒஃபிஸில கொம்பியூட்டருக்குச் சந்தனம் வைக்கிறதும், புதுசா எடுத்த திரீவீலரின்ட ரயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைச்சு நசிக்கிறதும் அந்தப் பக்கத்து வழிதான்.

இப்ப இது சட்டத்துக்குள்ளயும் வந்திட்டுது. நியூசிலாந்தில வங்கானுயி எண்ட ஆத்தை 2017ல சட்டப்படி ஒரு ஆளா ஏற்றுக்கொண்டிச்சினம், அதுக்காகக் கதைக்க ரெண்டு பேரை நியமிச்சிருக்கினம். நூறு வருசத்துக்கு மேல அந்த ஆத்துக்காகச் சண்டை பிடிச்ச மாவோரி சனம் சொல்லுறது, "நான்தான் ஆறு, ஆறுதான் நான்." அதே வருசம் இந்தியாவில உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் ஆக்கள்தான் எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு, சில மாசத்திலயே உச்ச நீதிமன்றம் அதை நிப்பாட்டி வைச்சிட்டுது. மாநில அரசு எழுப்பின கேள்வி ஒண்டு, ஆறு ஆள் எண்டா வெள்ளம் வந்து சனத்துக்கு நட்டம் வந்தா ஆர்மேல வழக்குப் போடுறது எண்டு. அது லேசான கேள்வி இல்லை, களனி ஆத்தின்ட தண்ணியைக் குடிச்சு அதே ஆத்தின்ட வெள்ளத்துக்கு ஓடுற கொழும்புச் சனத்துக்கு நல்லா விளங்கும்.

2016 மே மாசம் களனி பெருகி கொலன்னாவைப் பக்கம் வீடுகள் எல்லாம் தண்ணிக்குள்ள தாழேக்க நாங்கள் கொஞ்சப் பேர் சேந்து சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போனனாங்கள். ஒரு ஒழுங்கையில தண்ணி அப்பத்தான் வடிஞ்சுகொண்டிருந்திச்சு, சுவரில இடுப்பளவுக்குச் சேத்துக் கோடு. ஒரு வயசான அம்மா வாசல்ல நிண்டு, நனைஞ்ச மெத்தையை மதிலில போட்டிட்டு, ஆத்துப் பக்கம் பாத்து ஏசிக்கொண்டிருந்தா, "இத்தனை வருசமா பக்கத்துலதானே இருக்கோம், என்ன குறை வச்சேன் உனக்கு, உள்ள வர்றதுன்னா சொல்லிட்டு வரக்கூடாதா" எண்டு, எங்களைக் கண்டும் நிப்பாட்டேல்லை, பக்கத்து வீட்டாளை ஏசிற குரல்தான் அது, அழுகையும் கலந்திருந்திச்சு. பார்சலை வாங்கி வைச்சிட்டு, ஈக்குமாறால சேத்துத் தண்ணியை வாசலுக்கு வெளிய தள்ளத் தொடங்கினா. தண்ணி ஒழுங்கையால ஆத்துப் பக்கம் வழிஞ்சு போகுது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, கோபம் எல்லாம் இறங்கின குரலில, "சரி, போயிட்டு வா" எண்டா.